மார்ஜின் கண்ணுக்கு மட்டும்

மார்ஜினுக்கு மீன்கள்மீது தனிப்பட்ட பிரியமோ பகையோ கிடையாது. வீட்டில் இருந்த ஒற்றைத் தங்கமீன்கூட மீன் கடைக்காரர் வலுக்கட்டாயமாகக் கையில் திணித்து அனுப்பியதுதான். ஆனாலும் மீன் வளர்ப்போர் இணைய மன்றத்தில் அவரைத் தெரியாத ஆளே கிடையாது. குறைந்தபட்சம் அவர் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தார்.

பிழைப்புக்கு அவர் அச்சகத்தில் பக்கம் அமைக்கிறவர். விசிட்டிங் கார்டு, மருந்து லேபிள், பள்ளிக்கூட மலர் என்று எது வந்தாலும் நாலு ஓரத்திலும் சரியாக இடம் விட்டிருக்கிறதா என்பதுதான் அவருடைய முதல் கவலையும் கடைசிக் கவலையும். பழக்கம் வீடுவரைக்கும் கூடவே வந்துவிட்டது. தட்டுக்கும் தம்ளருக்கும் நடுவில் இடைவெளி பிடிக்கவில்லை என்றால் தம்ளரை நகர்த்திவிட்டுத்தான் சோற்றில் கை வைப்பார். "அது எங்கயும் ஓடிடாது, சாப்பிடுங்க" என்பாள் மனைவி. 'மார்ஜின்' என்ற பெயரை வைத்தவர் மீன் கடைக்காரர். இரண்டு பேரும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு.

கடைக்காரர் மன்றத்தைத் தொடங்கியபோது அது சாம்பல் நிறத்தில், பொடி எழுத்தில், பார்க்கிறவர் மனம் சோர்ந்துபோகிற மாதிரி இருந்தது. "பாத்தா கரண்ட் பில்லு மாதிரி இருக்குடா. ஏதாவது பண்ணு" என்றார். மார்ஜின் ஸ்டைல் ஷீட் கற்றுக்கொள்ள உட்கார்ந்தார். பக்கத்தில் எது எங்கே நிற்க வேண்டும், எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும், என்ன நிறத்தில் நிற்க வேண்டும் என்று பிரவுசருக்கு உத்தரவு போடும் கோப்பு அது. உத்தரவு போட்டால் எதிர்த்துப் பேசாமல் கேட்கிற ஒன்றை வாழ்க்கையில் முதல்முறையாகச் சந்தித்த மனிதர் வேறென்ன செய்வார்? அதிலேயே விழுந்து கிடந்தார். கரும்பச்சைத் தலைப்பு, பதிவுக்குப் பதிவு மூச்சுவிட இடம், மூலையில் பெரிதாகப் பதிவின் எண். உறுப்பினர்கள் பாராட்டினார்கள். நாலு பேர் மத்தியில் அவருக்கு ஒரு மரியாதை வந்தது. அச்சகத்தில் அது கிடைத்ததில்லை. லேபிளைப் பார்த்து யாரும் லேபிள்காரரை விசாரிப்பதில்லையே.

நடுவில் ஒரு மீன் தீவனக்காரர் வந்து சேர்ந்தார். யார் என்ன கேட்டாலும் அவருடைய பதில் தீவனப் பொட்டலம்தான். நீக்கினால் வேறு பெயரில் வருவார். கடைக்காரர் தலையைப் பிடித்துக்கொள்ள, மார்ஜின் ஒரு வழி கண்டுபிடித்தார். மன்றத்தில் ஒவ்வொரு பதிவோடும் எழுதியவரின் உறுப்பினர் எண் கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டியிருக்கும். பார்க்கிறவரின் எண்ணும் பக்கத்தின் உச்சியில் அப்படியே இருக்கும். ஆகவே இன்ன எண்காரர் எழுதியதை எல்லோருக்கும் மறை, அவருக்கு மட்டும் காட்டு என்று ஒரு விதி.

"அவன் பாட்டுக்குக் கூவிட்டே இருப்பான். கேக்கறதுக்கு ஆளே இருக்காது. அது அவனுக்கே தெரியாது" என்று சிரித்தார் மார்ஜின். கடைக்காரரும் சிரித்தார். பிறகு, "நம்பர மட்டும் மாத்தினா போதுமா? எங்கே, எனக்கும் சொல்லிக்கொடு" என்றார். சொல்லிக்கொடுத்தார். தீவனக்காரர் கொஞ்ச நாள் கூவிப் பார்த்துவிட்டுப் போயே போய்விட்டார்.

அதற்கு அப்புறம் மார்ஜினின் பதிவுகளுக்குப் பதில் வருவது குறைந்தது. பின்பு நின்றே போனது. எல்லோருக்கும் வேலை அதிகம்போல என்று நினைத்துக்கொண்டார். விடாமல் பதில் போட்டவர் 'நத்தை' என்ற புது உறுப்பினர் ஒருவர்தான். ஆளும் நல்ல பொறுமைசாலி. "அருமையா சொன்னீங்க மார்ஜின் அண்ணே" என்று தொடங்காமல் எழுத மாட்டார். பொதுப்பேச்சுப் பகுதியில் அவரிடம் மார்ஜின் மனசுவிட்டே பேசினார். கண் மங்கலாகிறது, அச்சகத்தில் சின்னப் பசங்களை எடுக்கிறார்கள் என்று வீட்டில் சொல்லாததை எல்லாம் எழுதினார். "உங்க கண்ணுதான் அண்ணே இந்த மன்றத்துக்கே கண்ணு" என்றார் நத்தை. அன்றைக்கு மார்ஜின் தம்ளரைக்கூட நகர்த்தாமல் சாப்பிட்டார்.

விஷயம் வெளியே வந்தது மனைவி வழியாக. அவள் பல் மருத்துவமனையில் வரவேற்பில் இருக்கிறாள். அங்கே காத்திருப்போர் அறைத் தொட்டியில் ஒரு மீன் ஒருக்களித்து நீந்த, பல் டாக்டர் கவலைப்பட்டார். வீட்டுக்காரர் இதற்கு வைத்தியம் எழுதியிருக்கிறாரே என்று இவள் பெருமையாக மன்றத்தைத் திறந்து காட்டியிருக்கிறாள்.

"நீங்க எழுதினது அதுல இல்லங்க" என்றாள் சாயங்காலம் வந்து.

"அங்க இருக்கறது பழைய கம்ப்யூட்டர். அதுல பாதி விஷயம் தெரியாது."

"மத்தவங்க எழுதினது எல்லாம் தெரியுது. உங்களோடது மட்டும் எப்படிங்க தெரியாமப் போகும்?"

மறுநாள் அச்சகத்துக்குப் போகிற வழியில் மருத்துவமனைக்கே போய்ப் பார்த்தார். மூன்றாம் பதிவு இருந்தது. அதற்கு அடுத்து ஆறாம் பதிவு இருந்தது. நான்காவது அவர், ஐந்தாவது நத்தை. பக்கம் செய்கிறவன் வெளியாளாக நின்று ஒருமுறை பார்க்க வேண்டும் என்று ஊருக்கெல்லாம் உபதேசம் செய்தவர்தான். தன் கணக்கிலிருந்து வெளியே வந்தே எத்தனையோ காலம் ஆகியிருந்தது. உள்ளேயே இருப்பவருக்கு எல்லாம் இருக்கிற மாதிரிதானே இருக்கும்?

அங்கேயே ஸ்டைல் ஷீட்டைத் திறந்து அடிவரை போனார். அவர் எழுதிய அதே விதி. இடைவெளிகூட அவர் விடுகிற இடைவெளி. எண் மட்டும் வேறு. ஒன்று அவருடையது, இன்னொன்று நத்தையுடையது. இருவர் எழுதியதையும் எல்லோருக்கும் மறை, அந்த இருவருக்கு மட்டும் காட்டு. விதிக்கு மேலே குறிப்பாக ஒரு சொல்: 'தற்காலிகம்'.

அச்சகத்துக்குப் போகவில்லை. நேரே மீன் கடைக்குப் போனார். கடைக்காரர் யாருக்கோ பாலிதீன் பையில் மீனைப் பிடித்துப் போட்டுக் காற்றடைத்துக்கொண்டிருந்தார்.

"ஸ்டைல் ஷீட்ல கடைசி வரிய யார்டா எழுதினது?"

"எல்லா வரியும் நீதானே எழுதுவ?"

"நான் எழுதினா மேல தற்காலிகம்னு போட மாட்டேன்."

கடைக்காரர் பையின் வாயை முறுக்கினார். "ஜனங்க முணுமுணுத்தாங்கடா. மீன் சாகக் கெடக்குன்னு ஒருத்தன் அழறான். நீ போயி, படம் நடுவுல இருக்கு, இடப்பக்கம் தள்ளுங்கறே."

"வைத்தியமும் சொன்னேனே."

"ரெண்டாவதா சொன்னே."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா கோவிச்சுக்கிட்டுப் போயிடுவே. அப்புறம் பக்கத்த யாரு பாத்துக்கறது?"

மார்ஜின் அதையும் விழுங்கிக்கொண்டார். ஆள் வேண்டும், ஆளின் பேச்சு வேண்டாம். அச்சகத்திலும் அப்படித்தான். ஆனால் வந்த காரியம் அதுவல்ல.

"சரி, என்னை விடு. நத்தை என்னடா பாவம் பண்ணிச்சு? வாயில்லாப் பூச்சி. யாரையும் ஒரு சொல் சொன்னதில்ல. என்கூடப் பேசினதுக்கு அதுக்கும் தண்டனையா?"

கடைக்காரர் ரப்பர் பேண்டைச் சுற்றினார். சுற்றியதன் மேலேயே மறுபடியும் சுற்றினார்.

"விடுடா."

"விட மாட்டேன். அந்த ஆளு போன் நம்பர் இருந்தா குடு. நானாவது மன்னிப்பு கேக்கறேன்."

"நத்தை நான்தான்டா."

தொட்டிகளில் காற்று மோட்டார் குமிழி விட்டுக்கொண்டிருந்தது.

"ஒருத்தருமே பதில் போடலேன்னா உனக்குச் சந்தேகம் வந்துரும்ல. அதான்" என்றார் கடைக்காரர், ஏதோ உபகாரம் செய்த குரலில்.

மார்ஜினுக்கு அந்த நேரம் பார்த்து நினைவுக்கு வந்தது ஒரே ஒரு பதிவுதான். கடைக்காரன் தங்கமான ஆள், என் உயிர் சிநேகிதன் என்று நத்தையிடம் ஒருநாள் உருகி எழுதியிருந்தார். "நீங்க கொடுத்து வெச்சவரு அண்ணே" என்று நத்தை பதில் போட்டிருந்தார். வாசலில் செருப்பைப் போட்டுக்கொள்ளும்போது கால் மாறிப் போயிற்று. மாற்றிப் போட்டுக்கொண்டு நடந்தார்.

வீட்டுக்கு வந்ததும் அந்த விதியை அழித்தார். மறைந்திருந்தவை எல்லாம் வெளிச்சத்துக்கு வந்தன. இனி ஊர் கேட்கும் என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஊரும் கேட்டது.

"யாருங்க இந்த நத்தை? என்ன ஒரு பொறுமை!"

"நத்தை சார், எங்க தொட்டித் தண்ணி பச்சையாயிடுச்சு. என்ன பண்ணலாம்?" இது ஓர் அம்மாள்.

மார்ஜினைப் பற்றியும் ஒருவர் எழுதியிருந்தார்: "திடீர்னு பக்கம் ரொம்ப நீளமாயிடுச்சு. மார்ஜின், கொஞ்சம் சரி பண்ணுங்க."

நத்தை யார் என்று மார்ஜின் விலாவாரியாக அடித்து முடித்தார். சாயங்காலம் வேலை முடிந்து வந்த மனைவி பின்னால் நின்று படித்தாள். "போடுங்க. நல்லா தெரியட்டும்."

அதற்குள் நத்தை அந்த அம்மாளுக்குப் பதில் போட்டுவிட்டார். தொட்டியை வெயில் படாத இடத்துக்கு மாற்றுங்கள், தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள், ஒரேயடியாகக் கொட்டாதீர்கள். வைத்தியம் சரியானதுதான். மீன் கடைக்காரர் ஆயிற்றே.

"இப்ப நான் இதப் போட்டா அந்தம்மா அந்த வைத்தியத்தக் கேக்க மாட்டாங்க" என்றார் மார்ஜின்.

"கேக்காட்டி போறாங்க. உங்களுக்கு என்ன?"

"மீன் செத்துப்போயிடும்."

"என்னைக்குங்க நீங்க மீனுக்காகக் கவலைப்பட்டிருக்கீங்க?"

அவர் அடித்ததை அழித்தார். கீழே நத்தை இன்னொரு வரி போட்டிருந்தார்: "மார்ஜின் அண்ணே, இருக்கீங்களா?"

மார்ஜின் வெளியேறும் பொத்தானைத் தேடினார். யாரும் மன்றத்தைவிட்டு அவசரப்பட்டுப் போய்விடக் கூடாது என்று, அதை எங்கோ ஒதுக்குப்புறமாக, பின்னணி நிறத்திலேயே வைத்தது அவர்தான். சட்டென்று பிடிபடவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, கிட்டத்தில் குனிந்து, மேலிருந்து கீழே ஒவ்வொரு வரியாகப் பார்த்துக்கொண்டே வந்தார்.