மாதிரிக்கு ஒட்டிய பச்சைப் பொட்டு

அந்த ஆஸ்பத்திரியில் அவளுக்குக் குளவி என்று பெயர். தடுப்பூசிப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு அவள் படியேறினால் போதும், டாக்டர், நர்ஸ் என்று ஆளுக்கொரு அவசர வேலை முளைத்துவிடும். ஊருக்கெல்லாம் ஊசி குத்துகிற கூட்டம், தன் கையை நீட்டச் சொன்னால் மட்டும் பச்சைக் குழந்தையாகிவிடும். அவர்களை அவளுக்குக் கட்டோடு பிடிக்காது. அவர்களுக்கும் அவளைக் கண்டால் ஆகாது.

அவள் கோபத்துக்குக் காரணம் இருந்தது. சிறுநீரகம் மாற்றிக்கொண்ட அவள் அண்ணன் மூன்றாம் மாடி வார்டில் வாரக்கணக்கில் படுத்திருந்தான். புதுச் சிறுநீரகம் ஒட்டுவதற்காக அவன் உடம்பின் எதிர்ப்புச் சக்தியையே மருந்தால் குறைத்து வைத்திருந்தார்கள். யாராவது ஃப்ளூ காய்ச்சலைக் கொண்டுபோய் ஒட்டவைத்தால் ஆள் தேறுவது கஷ்டம். அதனால் மேலிடத்தோடு மல்லுக்கட்டி ஒரு சட்டம் கொண்டுவந்தாள். ஃப்ளூ ஊசி போட்டுக்கொண்டவரின் அடையாள அட்டையில் பச்சைப் பொட்டு. பொட்டில்லாதவர் அந்த வார்டுக்குள் கால் வைக்கக் கூடாது. மாதிரி காட்டுவதற்காக முதல் பொட்டைத் தன் அட்டையில் ஒட்டிக்கொண்டாள்.

"போன தடவை ஊசி போட்டுத்தான் எனக்குக் காய்ச்சலே வந்துச்சு" என்றார் எக்ஸ்ரேக்காரர்.

"அப்ப வீட்லயே கிடங்க. இங்க வந்து அடுத்தவன் உயிரை வாங்காதீங்க."

அவர் முனகிக்கொண்டே சட்டைக்கையை மடித்தார். பெரிய டாக்டர் கழிப்பறைக்குள் புகுந்துகொண்டார். குளவி வெளியே நின்று காத்திருந்து பிடித்தாள்.

கடைசிவரை முரண்டு பிடித்தவள் அந்த வார்டின் தலைமை நர்ஸ்தான். "என் உடம்பு, என் இஷ்டம்" என்றாள்.

"உங்க இஷ்டத்துக்கு எங்க அண்ணன் சாகணுமா?"

நோயாளிகள் எதிரிலேயே குளவி கத்திவிட்டாள். தலைமை நர்ஸ் முகம் சுண்டிப்போய்க் கையை நீட்டினாள். வேண்டுமென்றே குளவி கொஞ்சம் அழுத்தித்தான் குத்தினாள்.

குளிர்காலம் வந்தது. ஒரு மதியம், தினமும் போல அண்ணனுக்குச் சாப்பாடு ஊட்ட வந்தாள். முந்தாநாளிலிருந்தே தொண்டை கரகரத்தது, உடம்பு வலித்தது. வேலை அலுப்பு என்று விட்டுவிட்டாள். தனக்குத்தான் பொட்டு இருக்கிறதே! வார்டு வாசலில் இருமல் பொத்துக்கொண்டு வந்தது. தலைமை நர்ஸ் குறுக்கே வந்து நின்றாள்.

"உங்களுக்கு யாரு போட்டா?"

"என்னத்த?"

"ஊசியைத்தான். எங்க எல்லாருக்கும் நீங்க போட்டீங்க. உங்களுக்கு யாரு போட்டா?"

நானே போட்டுக்கொண்டேன் என்று சொல்ல வாயெடுத்தாள். மாதிரிக்குப் பொட்டை ஒட்டியது மட்டும்தான் ஞாபகம் வந்தது. கை தானாகப் போய் அட்டையை மூடிக்கொண்டது.

"உங்க அண்ணனுக்குக் காலையிலேருந்து காய்ச்சல்" என்றாள் தலைமை நர்ஸ். "எவ கொண்டுவந்தான்னு என் நர்ஸ் பிள்ளைங்களை நிக்கவச்சுத் திட்டிட்டிருந்தேன்."

வார்டின் கண்ணாடிக் கதவுக்கு அப்பால் அண்ணன் அவளைப் பார்த்துவிட்டான். ஏன் அங்கேயே நிற்கிறாய், வா என்று கையாட்டினான்.