அமாவாசையில் வைத்த முதல் புள்ளி

நான் எழுத்துக்கூட்டிப் படிக்கிறவள். ஆனால் கோலத்தில் ஒரு புள்ளி தப்பினாலும் தெருமுனையிலிருந்தே சொல்லிவிடுவேன். இலுப்பூர்ப் பக்கம் எங்கள் ஊரில் என் தலையைக் கண்டால் வாசலை மறைத்துக்கொண்டு நிற்கிற பெண்கள் உண்டு. அப்பேர்ப்பட்டவள் வீட்டு வாசலில் போன தையிலிருந்து கோலம் போட ஆளில்லை. எனக்கு இடுப்பு வளையாது. போடவேண்டிய மருமகள் கட்டிலை விட்டு எழுந்திருக்கவில்லை.

மகன் சவூதியில் இருக்கிறான். ஊரார் மந்திரிக்கச் சொன்னார்கள். நான் திருச்சிக்குப் பஸ் ஏற்றிக் கூட்டிப்போனேன். மனசுக்குத்தான் சுகமில்லை என்று டாக்டர் மாத்திரை எழுதினார். அதைத் தைராய்டு மாத்திரை என்று சொல்லிக்கொள்ளும்படி பக்கத்து வீட்டுக்காரி எனக்கு யோசனை சொன்னாள். நான் எதற்குச் சொல்லவேண்டும்? சர்க்கரைக்கு நான் தின்கிறேன், மனசுக்கு அவள் தின்கிறாள்.

மாத்திரை கொஞ்சம் கேட்டது. எழுந்து குளித்தாள், சோறாக்கினாள். வாசல் பக்கம் மட்டும் எட்டிப் பார்க்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் டவுனிலிருந்து ஒரு சங்கத்துக்காரர்கள் வந்தார்கள். மனநல விழிப்புணர்வுக் கோலப்போட்டியாம். ஊர் மந்தைப் பொட்டலில் நடக்குமாம். மகளிர் குழுவில் பேர் கொடுத்துக் கலந்துகொள்கிற எல்லாருக்கும் எவர்சில்வர் டிபன் பாக்ஸாம். மனநலம் என்றால் என்ன என்று ஒருத்தியும் கேட்கவில்லை. டிபன் பாக்ஸ் எத்தனை அடுக்கு என்று கேட்டார்கள்.

சோறு போடும்போது மருமகள் மெதுவாகக் கேட்டாள்: “அத்தை, நானும் போகவா?”

தையிலிருந்து அவள் வாய்விட்டுக் கேட்ட முதல் காரியம் அது. சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன். கை கழுவிய ஈரத்தோடு குழுத் தலைவி வீட்டுக்குப் போனேன்.

“பெரியம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. மாத்திரை சாப்பிடுற புள்ள. நாலு பேரு வர்ற எடத்துல திடீர்னு ஏதாச்சும் ஆயிட்டா?”

“என்னடி ஆகும்? ஒன்னையக் கடிச்சு வச்சிருவாளா?”

“அதுக்கில்ல பெரியம்மா. மனநலப் போட்டியில இப்படி ஒரு ஆளு ஒக்காந்திருந்தா நம்ம குழுவுக்கு நல்லாருக்காதுல்ல.”

இதைச் சிரிக்காமல் சொன்னாள். அன்னதானம் என்று பந்தி விரித்துவிட்டு, பசித்தவன் வந்தால் பந்திக்கு அழகு கெட்டுப்போகும் என்கிற கதை.

சேர்க்காவிட்டால் போகட்டும், வேடிக்கை பார்க்கவுமா அவளிடம் சீட்டு வாங்கவேண்டும்? ஞாயிற்றுக்கிழமை காலையில் மருமகளைக் கூட்டிக்கொண்டு மந்தைக்குப் போனேன்.

தரையெல்லாம் சாணி தெளித்து, சுண்ணாம்பில் கட்டம் போட்டிருந்தார்கள். குழு குழுவாகக் கலர்ப்பொடியோடு நின்றார்கள். ஒருத்தியும் குனியவில்லை. அன்றைக்கு அமாவாசை. ஞாயிறு லீவு என்பது சங்கத்துக்காரர்களுக்குத் தெரியும், அமாவாசை தெரியாது. எங்கள் பெண்களுக்கு நன்றாகவே தெரியும். செத்தவர்களுக்குப் படைக்கிற நாளில் எங்கள் பக்கம் கோலமாவைத் தொடமாட்டோம். அதைச் சொன்னால் டிபன் பாக்ஸ் போய்விடுமே! அதனால் மாட்டேன் என்று ஒருத்தியும் சொல்லவில்லை, ஆரம்பிக்கவும் இல்லை. முதல் புள்ளி வைக்கிறவளுக்குத்தான் பாவம், பின்னால் போடுகிறவர்கள் அவளைப் பார்த்துப் போட்டவர்கள் என்று ஒரு கணக்கு.

“நீங்க வைங்க மதினி.”

“பெரியவுக நீங்க இருக்கையில நானா?”

எங்கள் ஊரில் அவ்வளவு மரியாதையை நான் ஒருநாளும் பார்த்ததில்லை. சங்கத்துச் சார் மைக்கைப் பிடித்துக்கொண்டு, “ஆரம்பிங்கம்மா, ஆரம்பிங்கம்மா” என்று கெஞ்சிக்கொண்டிருந்தார்.

தலைவியின் கண் என் மருமகள்மேல் விழுந்தது. தேன் ஒழுக வந்தாள்.

“வாத்தா, ஒங் கையால ஒரு புள்ளி வச்சுத் தொடங்கி வையி.”

பின்னால் ஒருத்தி பக்கத்தில் நின்றவளிடம் சொன்னது என் காதிலும் விழுந்தது, மருமகள் காதிலும் விழுந்தது: “அதுக்குத்தான் வரவேண்டியதெல்லாம் வந்துருச்சே. இனிமே புதுசா என்ன வந்துறப்போவுது?”

நான் வாயைத் திறந்தேன். மருமகள் என் கையை அழுத்தினாள். “இருங்க அத்தை.” தலைவி கையிலிருந்த மாவுக் கிண்ணத்தை வாங்கிக்கொண்டாள். “வைக்கிறேன்க்கா. ஆனா ஒங்க கட்டத்துல இல்ல.”

ஓரத்தில் ஒரு கட்டம் சும்மா கிடந்தது. அதில் குந்தி முதல் புள்ளியை வைத்தாள். அவ்வளவுதான். அரிசி இறைத்த இடத்தில் கோழி குனிகிற மாதிரி அத்தனை பேரும் குனிந்தார்கள். பாவம் ஒரு தலையில் இறங்கியாயிற்றே!

தலைவி ஓடிவந்தாள். “புள்ளி வச்சது போதும்த்தா, எந்திரி.”

“கோலம் முடியலயேக்கா” என்றாள் மருமகள், தலையைத் தூக்காமல்.

தலைவியின் குழு மனுஷ மூளையை வரைந்தது. எனக்கு முட்டைக்கோசாகத்தான் தெரிந்தது. அதன் கீழே கலர்ப்பொடியில் என்னவோ எழுதியிருந்தார்கள். எழுத்துக்கூட்டிப் பார்த்தேன். ‘ஒதுக்காதீர்கள்.’ முதல் பரிசு அதற்குத்தான்.

மருமகள் போட்டது வெறும் வெள்ளைக் கம்பிக்கோலம். மார்க் போடுகிறவர் குனிந்து பார்த்து, “இதுல மனநலம் எங்கம்மா இருக்கு?” என்று கேட்டார்.

“தெரியல சார். தையிலேருந்து கோலமே போடல. இன்னைக்குப் போட்டுட்டேன்.”

அவர் தலையை ஆட்டிவிட்டு மூளையைப் பார்க்கப் போனார். பேர் கொடுக்காதவளுக்கு டிபன் பாக்ஸும் கிடையாது.

மறுநாள் விடியற்காலையில் எங்கள் வாசலில் தண்ணீர் தெளிக்கிற சத்தம் கேட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். மாத்திரைக்கு அவளுக்குக் கை லேசாக நடுங்கும். இடது ஓரத்தில் கம்பி கோணியிருந்தது.

“எப்படி இருக்கு அத்தை?”

ஊரில் வேறு எவள் போட்டிருந்தாலும் தெருமுனையிலிருந்தே சொல்லியிருப்பேன். பால்காரன் வண்டியை நிறுத்திவிட்டு வாசலை நோக்கி நடந்து வந்துகொண்டிருந்தான்.

“ஏய், கண்ணு தெரியலயா? கோலம் கெடக்குல்ல, அங்கிட்டுச் சுத்தி வாப்பா” என்றேன்.