கீது இல்லை, இருக்கிறது

எங்கள் மாமாவுக்கு ஊர் சுற்றிக்காட்டும் வேலை கிடைக்காமல் போனதற்குக் காரணம் நான்தான். இதை இதுவரை யாரிடமும் ஒப்புக்கொண்டதில்லை.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. நொச்சிக்குப்பத்தில் எங்களோடு இருந்துகொண்டு ஆட்டோ ஓட்டினார். முதுகுவலி வந்து அந்தத் தொழிலே வெறுத்துப்போயிருந்த சமயம், வெளியூர்க்காரர்களை வேனில் ஏற்றி ஊர் காட்டும் ஆழ்வார்பேட்டை ஆபீஸ் ஒன்றில் கேட்டுப்பார்த்தார். "ஒருநாள் கூட்டிட்டுப் போ. வந்தவங்களுக்குப் பிடிச்சிருந்தா வேலை உனக்குத்தான்" என்றாராம் முதலாளி.

அப்போது நான் ஏழாம் வகுப்பு. தமிழில் எப்போதும் முதல் மதிப்பெண், அந்தக் கர்வம் கொஞ்சநஞ்சமில்லை. வருகிறவர்கள் மலேசியத் தமிழர்கள் என்று தெரிந்ததும், அவர்களிடம் நம் பேச்சு எடுபடாது என்று நானே முடிவுகட்டினேன். "இத்திருக்கோயில் மிகவும் தொன்மையானது" என்று நோட்டில் எழுதி, ஒரு வாரம் மாமாவுக்குப் பாடம் நடத்தினேன்.

"இன்னா கண்ணு, வாயிலயே நொழைய மாட்டுது" என்று சிரித்தார். ஆனாலும் மனப்பாடம் செய்தார், பாவம்.

அந்தச் சனிக்கிழமை வந்தவர்கள் ஒரு கணவன், மனைவி, என் வயதில் அவர்களின் மகள். அவளுக்குப் பேச்சுத்துணையாக என்னையும் ஏற்றிக்கொண்டார்கள். மயிலாப்பூர் குளக்கரையில் மாமா கையைக் கட்டிக்கொண்டு நோட்டில் இருந்ததை ஒப்பித்தார். அந்தப் பெண் கொட்டாவி விட்டாள். அவளுடைய அப்பா செல்போனை நோண்டினார். மாமா அதைக் கவனித்துவிட்டார். நோட்டை மறந்து, மாட வீதி முனையைக் கைநீட்டிக் காட்டினார்.

"தேரு இந்த முக்குல திரும்பசொல்ல பாக்கணுமே! எங்க நைனா தோள் மேல குந்திகினு பாத்துகீறேன். அல்லாரும் சாமியப் பாப்பாங்க, நான் சக்கரத்தயே பாப்பேன். இவ்ளோ பெருசா கீதே, எப்டிடா திரும்பும்னு பயம்!"

மூவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். செல்போன் பைக்குள் போனது. எனக்கோ முகமெல்லாம் எரிந்தது. எங்களைத்தான் கேலி செய்கிறார்கள் என்று நினைத்தேன்.

"கீது இல்ல மாமா, இருக்கிறது" என்றேன், எல்லோருக்கும் கேட்கும்படி.

"ஆங், இருக்கிறது" என்று திருத்திக்கொண்டார்.

கடற்கரையில் வலை காய்வதைப் பற்றிச் சொன்னபோது மறுபடி திருத்தினேன். தி.நகர் கடைத்தெருவில் மறுபடியும். "விடும்மா, அவரு அப்படியே பேசட்டும். கேக்க நல்லாருக்கு" என்றார் அந்தப் பெண்ணின் அம்மா. அதைக்கூட நாகரிகத்துக்காகச் சொல்கிறார் என்றுதான் எடுத்துக்கொண்டேன். அடையாறு ஆலமரத்துக்குப் போனபோது மாமா, "இது ஆலமரம்" என்றார். அதற்குமேல் ஒரு வார்த்தை இல்லை. அந்த மரத்தைப் பற்றி அவர் எனக்கே எத்தனையோ கதை சொல்லியிருக்கிறார்.

நல்ல மனிதர்தான், ஆனால் பாதி நாள் பேசவே இல்லை என்று வந்தவர்கள் சொன்னார்களாம். வேலை வேறு யாருக்கோ போனது. அம்மா என்ன ஆயிற்று என்று கேட்டதற்கு, "நமக்குச் செரிப்பட்டு வரலக்கா, உடு" என்றார் மாமா. என் பேச்சையே எடுக்கவில்லை. நாலு திட்டு திட்டியிருந்தால் இன்று எனக்கு இவ்வளவு உறுத்தாது. மறுபடி முதுகைப் பிடித்துக்கொண்டு ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தார்.

அதற்குப் பிறகு அம்மாவிடமும் தெருவிலும் பழையபடி பேசினவர், என்னிடம் மட்டும் நிறுத்தி நிதானமாக, "சோறு இருக்கிறது, சாப்பிட்டாயா?" என்று கேட்க ஆரம்பித்தார். அதுவும் வரவரக் குறைந்துபோனது. மாமாவைத் திருத்திவிட்டேன் என்று நான் வகுப்பில் பெருமையடித்துக்கொண்டேன். என்னிடம் வாய் திறக்கவே அவருக்குக் கூச்சமாகிவிட்டது என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.