தள்ளி நடந்த கோகிலம் அக்கா

கோகிலம் அக்காவின் மகன் மார்க்கின் செய்தி வந்தபோது நான் அபுதாபியில் ஒரு நீதிமன்ற வாசலில், பத்திரிகைக்குச் செய்தி அனுப்ப, தீர்ப்புக்காகக் காத்திருந்தேன். அல் ஐனிலிருந்து, ஆங்கிலத்தில், ஒரே வரி: அம்மா காலையில் போய்விட்டார். அக்காவை அறிந்தவர்கள் பர் துபாயிலும் மஸ்கத்திலும் இன்னும் சிலர் இருக்கிறீர்கள். இரண்டு மூன்று பேருக்குத் தொலைபேசியில் சொன்னேன். அதற்கு மேல் முடியவில்லை. ஆகவே எழுதுகிறேன்.

துபாய் மீனா பஜாரில் ஒரு துணிக்கடையில்தான் அவரை முதலில் பார்த்தேன். கடைக்காரர் ராமநாதபுரத்துக்காரர், என் நண்பர். மெலிந்து கறுத்த ஓர் அம்மாள் ரவிக்கைத் துணி பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே, வெயிலில், உயரமான வெள்ளைக்காரர் ஒருவர் கழுத்தைத் துடைத்தபடி நின்றார். கடைக்காரர் நல்ல மனதோடுதான் சொன்னார்.

"யக்கா, ஒங்க சார் ரொம்ப நேரமா நிக்கிறாரு. திட்டப் போறாரு."

"அவரு சார் இல்ல. புருஷன்."

கடைக்காரரின் முகத்தைப் பார்த்து அக்காவே இரக்கப்பட்டிருக்க வேண்டும். "விடுங்க. முப்பது வருஷமா அந்த வீட்லதான் டூட்டி. சம்பளமும் கெடையாது, லீவும் கெடையாது. விசா குடுத்த கஃபீல் மட்டும் நல்லவரு" என்றார்.

அவர் வெளியே வந்ததும் கணவர் நடக்கத் தொடங்கினார். அக்கா அவரோடு சேர்ந்துகொள்ளவில்லை. சற்றுத் தள்ளிப் பின்னால், அந்த மனிதரோடு தனக்கு எந்தச் சம்பந்தமும் இல்லை என்பது போல, கடைகளைப் பார்த்தபடி போனார். அந்த நடையைப் பார்த்தால் யாருக்கும் அவர் வேலைக்காரியாகத்தான் தெரிவார்.

பழகிய பிறகு காரணம் சொன்னார். கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறிப் போனவர்களின் பேத்தி அவர். தென்னாப்பிரிக்காவில் டர்பனில் பிறந்தவர். கணவர் டெரிக் அதே ஊர்த் துறைமுகத்தில் பொறியாளர். வெள்ளையர் மற்ற இனத்தவரை மணக்கக் கூடாது என்று அங்கே சட்டம் இருந்தது. சேர்ந்து வாழ்ந்தால் சிறை. விடியற்காலையில் போலீஸ் கதவைத் தட்டி, கட்டிலில் இரண்டு பேர் படுத்த சூடு இருக்கிறதா என்று கை வைத்துப் பார்க்கும். தெருவில் டெரிக் முன்னால் போவார், அக்கா பின்னால் போவார். போலீஸ் வண்டி தெரிந்தால் இவர் ஏதாவது கடைக்குள் நுழைந்துகொள்வார். எல்லை தாண்டி அண்டை நாட்டில் போய்க் கல்யாணம் செய்துகொண்டார்கள். அந்தக் கல்யாணமும் சொந்த நாட்டில் செல்லாது. ஆகவே திரும்பவில்லை. மஸ்கத்தில் வேலை கிடைத்து அங்கே ரூவிப் பகுதியில் குடியேறினார்கள்; துபாய்க்கு வந்தது பல ஆண்டுகள் கழித்து.

எண்பத்தைந்தில் அந்தச் சட்டம் ரத்தானது. டெரிக் பத்திரிகையோடு வீட்டுக்கு வந்து, "இனிமேல் சேர்ந்து நடக்கலாம்" என்றாராம். அன்று சாயங்காலமே ரூவி கடைத்தெருவுக்குப் போனார்கள். "நான் வரட்டும்னு அவரு நின்னாரு. அவரு நிக்கிறதப் பாத்து நானும் நின்னுட்டேன். ரெண்டு பேரும் தனித்தனியா டாக்ஸிக்கு நிக்கிற மாதிரி நின்னோம்" என்று சொல்லி அக்கா சிரித்தார். பிறகு என்னைப் பார்த்து, "ரத்துன்னு நீ ஒரே வரியில எழுதிடுவ தம்பி. காலுக்கு யாரு சொல்றது?" என்றார்.

உடனே ஊருக்குத் திரும்பவும் வழியில்லை. கல்யாணம் செல்லும் என்றார்கள். ஆனால் எந்த இனம் எந்தப் பகுதியில் குடியிருக்கலாம் என்ற சட்டம் இன்னும் சில ஆண்டுகள் நீடித்தது. அவர் தெருவிலா, இவர் தெருவிலா? அதற்குள் அக்காவின் அம்மா இறந்துவிட்டார். எல்லாம் முடிந்த பின் ஒருமுறை போய், முன்பு வெள்ளையருக்கு மட்டும் என்றிருந்த கடற்கரையில் இருவரும் உட்கார்ந்தார்களாம். எப்படி இருந்தது என்று நிருபர் பழக்கத்தில் கேட்டேன்.

"உக்காந்தோம். காத்து அதிகமா இருந்துச்சு. வந்துட்டோம்."

இடைவெளி கடைசியில் மூடியது டெரிக்கின் கால்கள் விழுந்த பிறகுதான். சக்கர நாற்காலியைத் தள்ளுகிறவர் தள்ளிப்போக முடியாது. ஆனால் ஒரு வெள்ளைக்காரக் கிழவரின் நாற்காலியைத் தள்ளும் கறுத்த பெண் இங்கே எல்லோர் கண்ணுக்கும் வேலைக்காரிதான். மருத்துவமனையில் கன்னியாகுமரிக் கடற்கரைப் பெண் ஒருத்தி நர்ஸ். அவளும் தமிழில் அன்பாகத்தான் சொன்னாள்.

"அக்கா, இங்க பேமிலி மட்டுந்தான் நிக்கலாம், கேட்டியளா. மேடம் வந்ததும் உங்கள உள்ள விடுதேன்."

"மேடம் வந்தாச்சும்மா. நாந்தான்."

நர்ஸ் போய் ஒரு நாற்காலி கொண்டுவந்து, கட்டிலை ஒட்டிப் போட்டாள். டெரிக் போகும்வரை அக்கா அதில்தான் இருந்தார். "அவ்வளவு பக்கத்துல, நாலு பேரு பாக்க, நாங்க உக்காந்ததே இல்ல" என்று பிறகு சொன்னார்.

சில ஆண்டுகளுக்கு முன் அபுதாபியில் முஸ்லிம் அல்லாதோருக்குப் பதிவுத் திருமணச் சட்டம் வந்தது. எந்த நாட்டினராக இருந்தாலும் நீதிமன்றத்தில் மணந்துகொள்ளலாம். செய்தியை எழுதி முடித்து அக்காவை அழைத்தேன். பொறுமையாகக் கேட்டார்.

"நல்லது தம்பி. முடிச்சுட்டு வெளிய வரும்போது எப்படி நடக்குறாங்க? பாத்தியா?"

பார்க்கவில்லை. அடுத்த வாரம் போய் நின்றேன். நம் ஊர்ப் பெண் ஒருத்தியும் கென்ய இளைஞர் ஒருவரும் கைகோத்து வெளியே வந்தார்கள். எதிரே தொழிலாளர்களை ஏற்றிப்போகும் ஒரு கேம்ப் பஸ் நின்றது. அதன் ஜன்னல்களில் நம் ஆட்கள். பெண்ணின் நடை தளர்ந்தது. கை விலகியது. இளைஞர் முன்னால் போனார், அவள் தள்ளிப் பின்னால் போனாள்.

அக்காவிடம் சொன்னேன்.

"பஸ் போனதும்?"

"மறுபடி சேந்துக்கிட்டாங்க."

"அப்ப எங்களவிட வேகந்தான்" என்றார்.

அவரிடமிருந்து என்னிடம் தங்கியிருப்பது அந்தக் கேள்விதான். மார்க்கின் செய்தி வந்த அன்று தீர்ப்பு மதியத்துக்குள் வந்துவிட்டது. இரண்டு வரி எழுதி அனுப்பினேன். ஆனால் உடனே கிளம்பவில்லை. வாசலில் நிழலாக ஓர் இடம் பார்த்து நின்று, வெளியே வருகிறவர்கள் எப்படி நடக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.