டீமேக்கருக்காகப் போன லைசன்ஸ்

ஹட்டனுக்குப் பக்கத்துத் தோட்டமொன்றில் நான் லொறி டிரைவராக இருந்தேன். தேயிலைப் பெட்டிகளை ரயில் ஸ்டேஷனில் இறக்கிவிட்டு, திரும்பும்போது அரிசியும் மாவும் ஏற்றி வருவேன். இலங்கைக்குச் சுதந்திரம் வந்து சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. எங்கள் தோட்டத்துத் தமிழ் ஆட்களுக்கு ஓட்டுரிமையும் இல்லை, பிரஜாவுரிமையும் இல்லை. அரசாங்கம் என் பேரில் கொடுத்திருந்த ஒரே கடதாசி அந்த லைசன்ஸ்தான். அது சட்டைப்பையில் இருந்தால் என் நடையே வேறு.

தொழிற்சாலைக்குப் பொறுப்பாயிருந்த டீமேக்கருக்குக் கார் வாங்க ஆசை. ஓட்டத் தெரியாது, பழகுவதற்கான பெர்மிட்டும் கிடையாது. ஆனாலும் ஹட்டனிலிருந்து என்னோடு திரும்பும்போதெல்லாம் ஸ்டியரிங்கைக் கேட்பார். மறுத்தால், "டேய், தோட்டத்துத் தொரகிட்ட சொல்லி ஒன்ன மலை வேலைக்கு அனுப்பட்டா?" என்று சிரிப்பார். கொடுத்துவிடுவேன்.

ஒரு மழைநாளில், தொழிலாளர் குடியிருக்கும் லயம் லயமாகப் போய்ப் பாண் ரொட்டி விற்கும் மனிதர் தலையில் பெட்டியோடு வளைவில் எதிரே வந்தார். டீமேக்கர் பதறிப்போய், பிரேக்குக்குப் பதில் எக்சலேட்டரை மிதித்துவிட்டார். நான் எட்டி ஸ்டியரிங்கை ஒடித்தேன். இருந்தும் மட்கார்டு பாண்காரரின் காலில் அடித்தது. அவர் ரோட்டோரத் தண்ணீர்க் கானுக்குள் விழுந்து அலறினார். பாணெல்லாம் சேற்றுத் தண்ணீரில் மிதந்தது.

நான் அவரைத் தூக்கப் போனபோது டீமேக்கர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீதான் ஓட்டுனேன்னு சொல்லிடுப்பா. நான் ஓட்டுனது தெரிஞ்சா இன்சூரன்ஸ்காரன் ஒண்ணும் குடுக்கமாட்டான். இந்த மனுசனுக்கு யாரு வைத்தியம் பாப்பா? கேஸ நான் பாத்துக்கிறேன். ஒன் வேலைக்கு நான் பொறுப்பு."

அடிபட்டவரை நினைத்துத்தான் தலையாட்டினேன். அவருக்கு நஷ்டஈடு கிடைத்தது. அந்த மட்டில் எனக்கு வருத்தமில்லை.

கோர்ட்டில், ஓட்டியது நான்தான், ரோடு வழுக்கியது என்று சொன்னேன். அடுத்துச் சாட்சிக் கூண்டில் ஏறிய டீமேக்கர் என் பக்கம் திரும்பவே இல்லை.

"சாராயம் குடிச்சிருந்தான். மெதுவா போன்னு சொன்னேன், கேக்கல."

நான் சாராயத்தை வாயில் வைத்தவனல்ல. ஒரு வருடத்துக்கு லைசன்ஸை நிறுத்திவைத்தார்கள். குடிகார டிரைவர் வேண்டாமென்று துரை என்னை மலையில் செடி கவ்வாத்து வெட்ட அனுப்பினார். தேயிலைச் செடியில் கத்தியை இறக்கும் ஒவ்வொரு முறையும் டீமேக்கரின் முகம்தான் கண்முன் நின்றது.

"விட்டுத் தொலைங்க. சாமி பாத்துக்கும்" என்றாள் என் மனைவி.

"சாமிக்கு ஆயிரம் வேல இருக்கு. இத நான் பாத்துக்கிறேன்" என்றேன்.

லைசன்ஸ் திரும்பி வந்ததும் கினிகத்தேனையில் ஒரு முஸ்லிம் முதலாளியின் கடை லொறியில் சேர்ந்தேன். என் கதை அவர் காதுக்கும் எட்டியிருந்தது.

"குடிப்பியா?" என்று மட்டும் கேட்டார்.

"இல்லங்க மொதலாளி."

சாவியைக் கொடுத்துவிட்டார்.

சில வருடம் கழித்து, மூட்டை ஏற்றிக்கொண்டு ஹட்டனுக்கு மேடேறிக்கொண்டிருந்தேன். ஒடுங்கிய வளைவொன்றில் ஓட்டப் பழகுபவரின் 'எல்' பலகை மாட்டிய கார் ஒன்று எதிரே இறங்கி வந்தது. உள்ளே டீமேக்கர், தன்னந்தனியாக. பாரத்தோடு ஏறும் லொறிக்கு அவர்தான் பின்னால் எடுத்து வழிவிட வேண்டும். நினைத்திருந்தால் நானே கொஞ்சம் பின்வாங்கியிருக்கலாம். நினைக்கவில்லை. இஞ்சினை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

அவர் பின்னால் எடுக்கப் பார்த்தார். கார் துள்ளித் துள்ளிப் போய், பின்சக்கரம் கானில் இறங்கியது. என் பின்னால் நின்ற பஸ்ஸிலிருந்து ஒரு போலீஸ் சார்ஜன்ட் இறங்குவதைக் கண்டதும் டீமேக்கர் என்னிடம் ஓடி வந்தார்.

"தம்பி, பழக்குறவரு கூட வந்தாரு, இப்பத்தான் எறங்கிப் போனாருன்னு சொல்லிடுப்பா. நீ பாத்தேன்னு ஒரு வார்த்த. தனியா வந்தது தெரிஞ்சா இன்சூரன்ஸும் போச்சு, எல்லாம் போச்சு."

தம்பி! நான் லொறியை விட்டு இறங்கினேன்.

சார்ஜன்ட் சிங்களத்தில் என்னிடம் கேட்டார்: "காரில் வேறு யாராவது இருந்தார்களா?"

"இல்லை மாத்தயா. தனியாகத்தான் வந்தார்" என்று நானும் சிங்களத்திலேயே சொன்னேன், பஸ்ஸில் இருந்தவர்களுக்கும் கேட்கும்படி.

"குடித்திருக்கிறாரா?"

டீமேக்கரின் முகம் வெளுத்தது. என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் அவசரப்படவில்லை. அந்த நேரம் எனக்கு இனித்தது. அவருடைய நெற்றி வேர்வை கன்னத்தில் இறங்கும்வரை பார்த்திருந்துவிட்டுச் சொன்னேன்:

"குடிக்கவில்லை மாத்தயா. ஓட்டத்தான் தெரியாது."

பஸ்ஸில் சிரிப்பு எழுந்தது.

அவருடைய வழக்கு நாளில் லீவு போட்டு, இஸ்திரி போட்ட சட்டையோடு கோர்ட்டின் பின்வரிசை வாங்கில் உட்கார்ந்தேன். அவருக்கு அபராதம் விதித்து, கொஞ்ச காலத்துக்கு லைசன்ஸ் எடுக்க முடியாதபடி தடையும் போட்டார்கள். அவர் வெளியே வரும் வழியில், வேண்டுமென்றே எழுந்து நின்றேன். குனிந்துகொண்டே போனார். காரையும் விற்றுவிட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

அதற்குப் பிறகு ஒரு தடவைதான் அவரைப் பார்த்தேன். நல்ல மழை. பஸ் தரிப்பில், காற்றில் மடங்கிப்போன குடையோடு நின்றிருந்தார். லொறியைக் கண்டு, ஓட்டுவது யாரென்று தெரியாமல் கையைக் காட்டினார். என் பக்கத்து சீட் காலியாகத்தான் இருந்தது. அவருக்கு என் முகம் நன்றாகத் தெரியட்டும் என்று வேகத்தைக் குறைத்தேன். அவருடைய கை தானாகக் கீழே இறங்கியது. கியரை மாற்றிக்கொண்டு மேட்டில் ஏறினேன்.