மகனின் சட்டை மட்டும் வந்தபோது

என் மூத்த மகன் ராணுவப் பயிற்சிக்குப் போய் மூன்று வாரமாகியும் கடிதம் இல்லை. ஒரு சனிக்கிழமை, வேப்பந்தட்டையில் எங்கள் வீட்டுக்குத் தபால்காரர் ஒரு பார்சல் கொண்டுவந்தார். மேல்விலாசம் டைப் அடித்திருந்தது. பிரித்தால், பெரம்பலூரில் பஸ் ஏறும்போது அவன் போட்டிருந்த நீலச் சட்டையும் பேன்ட்டும்தான் இருந்தன. ராணுவத்தில் ஒருவர் இறந்தால் உடைமைகளை வீட்டுக்கு அனுப்புவார்கள் என்று எப்போதோ கேட்டது நினைவுக்கு வர, அப்படியே உட்கார்ந்து கதறிவிட்டேன்.

ஓடிவந்த பக்கத்து வீட்டு செல்லம்மா சட்டையைக் கையில் எடுத்தார். "ஏங்க டீச்சர், பையில என்னமோ மொடமொடங்குதே, பாத்தீங்களா?"

உள்ளே மகனின் கடிதம் இருந்தது. "அம்மா, இங்கே உடுப்பெல்லாம் கொடுத்துவிட்டார்கள். சொந்தத் துணியை அவர்களே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களாம். நீலச் சட்டையைத் தம்பிக்குக் கொடுங்கள், கேட்டுக்கொண்டே இருந்தான்."

"படிச்சவங்க நீங்களே இப்புடிப் பண்ணுனா நாங்க என்னங்க பண்றது?" என்று செல்லம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

இப்போதெல்லாம் மகனிடமிருந்து எது வந்தாலும், மடிப்பு, பை எல்லாம் பார்த்த பிறகே மற்றதை நினைக்கிறேன். ஆனாலும் பார்சல் கயிற்றை அவிழ்க்கும் முன் செல்லம்மாவைக் கூப்பிட்டு விடுகிறேன்.