பாக்கெட் இல்லாத கோட்டு

ஞாயிறு காலையில் மகளின் கவராலைத் துவைப்பது டெய்லரின் வேலை. கழுத்திலிருந்து கணுக்கால்வரை மூடும் நீலச் சட்டை அது. "சாணி, ரத்தம், இன்னும் என்னென்னவோ. நீங்களே பார்த்துக்கங்க" என்று அவர் மனைவி முதல் வருஷமே கைகழுவிவிட்டாள். அவருக்கு அதில் வருத்தமில்லை. கால்நடை மருத்துவக் கல்லூரியில் மகள் என்ன படிக்கிறாள் என்பதை அவர் துணியை வைத்தே தெரிந்துகொண்டார். முதல் வருஷம் முழுக்க மருந்து நெடி. மூன்றாம் வருஷம் சட்டையின் வலது கையைத் தோளோடு வெட்டச் சொன்னாள். சினை பார்க்கப் பசுவின் பின்வழியாகக் கை அவ்வளவு தூரம் உள்ளே போக வேண்டுமாம். மேல் பாக்கெட்டுக்கு மூடி வைத்துத் தைக்காதது அவர் செய்த தப்பு. கன்று ஈனும் மாட்டிடம் இவள் குனிய, தெர்மாமீட்டர் வைக்கோலில் விழுந்து வகுப்பே தேடியது.

இப்போது கடைசி வருஷம். போன மாதம் அவர் தன் கடையைப் பலகை அடித்து இரண்டாகத் தடுத்தார். மிஷின் சுவரோரம் ஒண்டிக்கொண்டது. மறுபாதி மகள் வைத்தியம் பார்க்க; நாய் பூனையோடு வருகிறவர்கள் உட்கார பெஞ்சுகூடப் போட்டாயிற்று. மகளிடம் கேட்கவில்லை. இதில் கேட்க என்ன இருக்கிறது?

துணியைக் காயப்போட்டுவிட்டு உள்ளே வந்தவரிடம் மகள் சொன்னாள்: "அப்பா, வெள்ளைக் கோட்டு ரெண்டு வேணும். பரீட்சை முடிஞ்சதும் வேலையில சேரணும்."

"தைச்சுட்டாப் போச்சு." அளவு நாடாவை எடுத்தார். "பாக்கெட் எத்தனை?"

"பாக்கெட்டே வேண்டாம்பா. பட்டனும் வேண்டாம், பிரஸ் பட்டன் போதும். அறுந்து கறியில விழுந்துடக் கூடாது."

நாடா அவள் தோளிலேயே நின்றது. "கறியிலயா?"

"இறைச்சிக்கூடத்துல வேலை கிடைச்சிருக்கு. வெட்டறதுக்கு முன்னாடி ஆட்டைப் பார்க்கணும், வெட்டின பிறகு ஈரலைப் பார்க்கணும். நோயிருந்தா ஒதுக்கணும்."

அடுப்படியிலிருந்து மனைவியின் குரல் வந்தது. "உசுரைக் காப்பாத்தப் படிச்சவ போயும் போயும் அங்கயா?"

"அங்க பேஷண்ட் யாரும் கடிக்க மாட்டாங்கம்மா."

டெய்லருக்குச் சிரிப்பு வந்தது; விழுங்கிக்கொண்டார்.

"ஊரே சாப்பிடறதுப்பா அது. யாராவது பார்த்து அனுப்பணும்ல" என்றாள் அவரிடம், குரலைத் தாழ்த்தி.

அவர் மறுபடி அளந்தார். போன வருஷத்தைவிட இப்போது தோள் அரை அங்குலம் கூடியிருந்தது. மாடு இழுத்த தோள். காகிதத்தில் குறித்துக்கொண்டார்.

"கடையைத் தடுத்திருக்கீங்கன்னு அம்மா சொன்னாங்க. எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லப்பா?"

டெய்லர் நாடாவை விரலில் சுற்றினார். முழுவதும் சுற்றி முடித்து, காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, செருப்பைத் தேடிப் போட்டு, பலகையைப் பிரிக்கச் சுத்தியலோடு கடைக்குப் போனார்.